மின்னும் பெட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

"விளையாட கம்ப்யூட்டர் வேண்டும்!" என்று பிள்ளை கேட்கிறான். அப்பா யோசிக்கிறார். கடைசியில் சீட்டுப் பணத்தை எடுக்கிறார். இருவரும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறார்கள்.

அங்கே முதலில் கண்ணை இழுப்பது எது? கண்ணாடிப் பெட்டி! உள்ளே சிவப்பும் நீலமுமாகச் சுழலும் விசிறிகள்!

பணம் கரைவது அங்கேதான். அந்த விளக்குகளுக்கும் விளையாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தப் பணத்தை எஸ்.எம்.பி.எஸ்.சுக்குக் கொடுங்கள் என்பேன் நான்.

அது என்ன எஸ்.எம்.பி.எஸ்.? வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட்தான். அப்படி மாற்றிக் கொடுக்கும் இரும்புப் பெட்டிதான் அது. மட்டமான பெட்டி கெட்டால் தான் மட்டும் போகாது. கிராபிக்ஸ் கார்டையும் மதர்போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், இருபதாயிரம் ரூபாய்ப் பொருளைப் பலி கொடுப்பதா?

"கேபினட்டோடு இது இலவசம்" என்பார்கள். வேண்டாம். "80 பிளஸ்" முத்திரை இருந்தாலும் அதோடு திருப்தி அடையாதீர்கள். மின்சாரம் அதிகம் வீணாகாது என்பதற்குத்தான் அந்த முத்திரை. எத்தனை ஆண்டு வாரண்டி என்று கேளுங்கள்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. திரையில் படத்தை வரைவது இதுதான். பணத்தில் பெரும் பங்கு இதற்கே போக வேண்டும். சாதாரண 'புல் எச்.டி.' திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் இருக்கின்றன. படம் தடங்கல் இல்லாமல் ஓட, விநாடிக்கு 60 தடவையாவது திரை முழுவதையும் வரைய வேண்டும். '4கே' திரை என்றால் புள்ளிகள் நாலு மடங்கு! சிக்கனக்காரருக்கு அது எதற்கு?

கார்டு வாங்கக் கையில் பணம் இல்லையா? அதற்கும் வழி உண்டு. 'ரைசன் 5 5600ஜி' போன்ற பிராசசருக்குள்ளேயே படம் காட்டும் வசதி இருக்கிறது. 'வேலரன்ட்' போன்ற விளையாட்டுகள் அதிலேயே ஓடும். பெரிய விளையாட்டுகள் திணறும். பிறகு பணம் சேர்ந்ததும் கார்டு வாங்கிச் சொருகலாம். அந்தக் கார்டையும் தாங்கும் எஸ்.எம்.பி.எஸ்.சை இன்றே வாங்கி வைக்க வேண்டும்.

இன்டெல் பிராசசர் என்றால் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'எப்' என்று முடிந்தால் அந்த வசதி கிடையாது. தனிக் கார்டு இல்லாவிட்டால் திரை இருட்டுதான்!

ரேம் 16 ஜி.பி. வேண்டும். ஒரே துண்டாக வாங்காமல், 8 ஜி.பி. துண்டுகளாக இரண்டு வாங்குங்கள். வேகம் கூடும். 2025 கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய கம்பெனிகள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டன. யாரோ எங்கோ அள்ளினார்கள். நம் வீட்டுச் சீட்டுப் பணத்தில் துண்டு விழுந்தது!

பணம் கொடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் மேலும் ஓர் எண் இருக்கும். அது பில்லில் எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே ஒத்துப் பாருங்கள். வாரண்டி கேட்டுப் போகும்போது அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்.