சிகரட்டுக் கம்பனியின் காபன் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை ஒன்பதாம் தரப் பிள்ளைகளோடு கடற்கரையில் சிரமதானம் செய்தோம். பொலித்தீன், யோகட் கப், சோடாப் போத்தல் எல்லாம் பொறுக்கி முடித்த பிறகும் மணலுக்குள் மிச்சமாகக் கிடந்தவை சிகரட் கட்டைகள்தான். ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், இது பஞ்சுதானே, உக்கிப் போகாதா?"

அது பருத்திப் பஞ்சு இல்லை மகள். செலுலோஸ் அசிட்டேட் என்ற ஒரு வகைப் பிளாஸ்டிக். உக்க ஆண்டுக்கணக்காகும். உலகத்தில் ஒவ்வொரு வருடமும் இப்படி வீசப்படும் கட்டைகள் 4.5 டிரில்லியன் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதைச் செய்து விற்பவர்கள் சுற்றாடலைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க அன்றிரவு உட்கார்ந்தேன். நம் நாட்டில் சிகரட் என்றாலே சிலோன் டொபாக்கோ கம்பனிதான். அதன் பங்குகளில் ஏறத்தாழ 84 வீதம், லண்டனில் தலைமையகம் உள்ள பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ குழுமத்துக்குச் சொந்தம். 2050ஆம் ஆண்டுக்குள் தன் காபன் வெளியீட்டை, தோட்டம் முதல் கடை வரை, நிகர பூச்சியத்துக்குக் கொண்டுவருவதாக அந்தக் குழுமம் உறுதியளித்திருக்கிறது.

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. தொழிற்சாலைக் கூரையில் சோலார் போட்டால் நல்லதுதான், மரம் நட்டாலும் நல்லதுதான். யார் செய்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு என்று வந்தால் கணக்கை முழுசாகப் பார்க்க வேண்டும்.

கம்பனிகளின் காபன் கணக்கில் மூன்று பகுதி உண்டு. ஒன்று, தாங்களே எரிக்கும் எரிபொருள். இரண்டு, விலைக்கு வாங்கும் மின்சாரம். மூன்று, மூலப்பொருள் விளைவதில் இருந்து பொருள் குப்பைக்குப் போவது வரை மற்ற எல்லாம். முதல் இரண்டையும் குறைப்பது ஓரளவு சுலபம். படம் எடுத்துப் போடவும் வசதி. சிகரட்டைப் பொறுத்தவரை பாரம் பெரும்பாலும் அதற்கு வெளியேதான் இருக்கிறது. இலையை வளர்க்க நிலமும் பசளையும் வேண்டும், பிறகு அதைச் சூளையில் உலர்த்த நாட்கணக்கில் எரிக்க வேண்டும். புகையிலைக்காக உலகத்தில் வருடத்துக்கு 60 கோடி மரங்கள் அழிகின்றன, 2,200 கோடி தொன் தண்ணீர் செலவாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது.

2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வயல் முதல் குப்பை வரை சேர்த்துக் கணக்கெடுத்தது. வருடத்துக்கு 84 மில்லியன் தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமமான வெளியீடு, 6 டிரில்லியன் சிகரட்டுக்கு. பத்தாம் தரத்துப் பிள்ளையிடம் கொடுத்தாலும் வகுத்துச் சொல்லும்: ஒரு சிகரட்டுக்கு 14 கிராம். ஒருவர் நாளைக்குப் பத்துக் குடித்தால் வருடத்துக்கு 51 கிலோ. முப்பது வருடம் குடித்தால் ஒன்றரைத் தொன்.

நம் ஊர் பேக்கரிப் போறணையும் காபன் வெளியிடுகிறது. ஆனால் அங்கே பாண் வருகிறது, பசி ஆறுகிறது. மீன்பிடி வள்ளமும் டீசல் குடிக்கிறது, வீட்டுக்கு மீன் வருகிறது. சிகரட் வெளியிடும் 14 கிராமுக்குப் பதிலாக நமக்கு என்ன வருகிறது? இருமல் வருகிறது, கடன் வருகிறது, மஹரகம ஆஸ்பத்திரிக்கு பஸ் டிக்கெட் வருகிறது. வருடத்துக்கு 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் புகையிலை எடுப்பதாக அதே 2022 அறிக்கை சொல்கிறது. அந்த மௌத்துகளுக்குக் காபன் கணக்கில் எந்தக் கட்டமும் இல்லை. 2050இல் நிகர பூச்சியத்தில் செய்த சிகரட்டும் இதே நோயைத்தான் தரும்.

இலையைப் பயிரிடும் விவசாயியை நான் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு வாங்கும் விலைக்கு உத்தரவாதம் கிடைக்கிறது, பயிரிடுகிறார். வேறு பயிருக்கும் அதே உத்தரவாதத்தைக் கொடுப்பது அரசின் வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இலங்கை 2003இலேயே ஏற்றுக்கொண்டது. மாற்றுத் தொழிலுக்கு உதவுவதும் சுற்றாடலைப் பாதுகாப்பதும் அதன் 17ஆம், 18ஆம் உறுப்புரைகளில் இருக்கின்றன. ஸ்பெயினில் 2023 முதல் வீதியில் கிடக்கும் கட்டைகளைச் சுத்தம் செய்யும் செலவைப் புகையிலைக் கம்பனிகளே ஏற்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. இங்கே அந்த வேலையை நம் பிள்ளைகள் சும்மா செய்கிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாருக்கும் விளையாட்டுக் கழகத்தாருக்கும்: மரக்கன்று, குப்பைத்தொட்டி, ரீசேட் என்று யார் அனுசரணை தந்தாலும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். புகையிலை விளம்பரத்தையும் அனுசரணையையும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுத்திருக்கிறது.

நகரசபை, பிரதேச சபை உறுப்பினர்களுக்கு: கட்டை பொறுக்கும் செலவை உற்பத்தியாளரிடம் அறவிடும் யோசனையைச் சபையில் ஒருமுறையாவது பேசுங்கள்.

கடைசியாக, வாப்பாமாருக்கும் நானாமாருக்கும்: நாளைக்கு ஒரு சிகரட்டைக் குறையுங்கள். 14 கிராம் அன்றைக்கே குறையும். அதற்கு 2050 வரை காத்திருக்கத் தேவையில்லை.

அன்றைக்கு அந்தப் பிள்ளை பொறுக்கிய கட்டைகளை ஒரு போத்தலில் போட்டு விஞ்ஞான ஆய்வுகூடத்தில் வைத்திருக்கிறேன். பாடசாலைப் பக்கம் வந்தால் பார்த்துவிட்டுப் போங்கள்.