அடிபட்டவன் வாய்மூடலாமா?

போலீஸ் நிலையத்தில் அடிபட்டு வந்த நம் பிள்ளை, 'தலைவிதி' என்று லயத்தில் முடங்கிக் கிடப்பதா? கூடாது, தோழர்களே!

அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் காயத்தைப் பதிவு செய்வோம். தேதி, நேரம், சாட்சி அனைத்தையும் குறித்து வைப்போம். வேறொரு நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குவோம். 2023 ஜூலை முதல் இயங்கும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்துக்கும் எழுதுவோம். அதற்குத் தண்டிக்கும் அதிகாரமில்லை; ஆனால் எழுதிய புகார் சாட்சியாக நிற்கும். வழக்குத் தொடர 36 மாதமே தவணை.

2009-இல் சுபாங் ஜெயாவில் காவலில் மாண்ட இளைஞனின் தாயார் வழக்காடினார். 2013-இல் உயர்நீதிமன்றம் நஷ்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது.

எழுதத் தெரியாதவருக்குக் கிராணிமாராகிய நாம் பேனா பிடிப்போம். பயந்தவரோடு சங்கம் துணைக்கு நடக்கட்டும்!