கரியெண்ணெயும் கடன்சொல்லும்

ஒரு தொழிலை ஒருவன் அறிந்தான் என்பதற்கு அடையாளம் இரண்டு. ஒன்று, அதனை அவன் கை செய்தல். மற்றொன்று, ஏன் அவ்வாறு செய்கின்றான் என்பதனை அவன் வாய் சொல்லுதல். கை செய்து வாய் சொல்ல இயலாத தொழில் அரைத்தொழிலே. தமிழ்நாட்டின் வடவெல்லையில், திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை பரந்து கிடக்கும் தொழிற்பேட்டைகளின் ஓரத்தே, சாலைமருங்கில் நிற்கும் வண்டிப் பட்டறைகளில் நாள்தோறும் நிகழ்வது இவ்வரைத்தொழில். குறை தொழிலாளியினுடையது அன்று. அவனுக்குத் தொழில் வந்த வழியினுடையது.

காக்களூர்ப் பேட்டையிலிருந்தும் கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டுப் பேட்டையிலிருந்தும் இரும்பும் வார்ப்பும் பிற சரக்கும் சுமந்து ஓடும் சிறு சரக்குந்துகளை மக்கள் 'பிக்கப்பு' என்பர். அவற்றுட் பல, ஒரு குடும்பத்தின் கடனில் வாங்கப்பெற்று, அக்குடும்பத்தானே ஓட்டுவன. அத்தகைய வண்டியொன்று பட்டறைக்குள் நுழைகிறது என்று கொள்க. "அண்ணே, ஆயில் சேஞ்சு பண்ணி பில்டர் மாத்திடலாமா?" என்கிறான் பட்டறை இளைஞன். "மாத்திடு தம்பி" என்கிறார் ஓட்டுநர். ஏன் மாற்ற வேண்டும் என்று அவ்விருவரையும் கேட்டால், "கிலோமீட்டர் ஆயிடுச்சு" என்பதற்குமேல் விடை வாராது. ஆயிற்று என்பது கணக்கு, கரணியம் அன்று.

எண்ணெயின் பணி

தீசல் பொறியின் உருளைக்குள் மின்பொறி தெறிப்பதில்லை. காற்றை மிக நெருக்கிச் சூடேற்றி அதனுள் எரியெண்ணெயைப் பீச்ச, அது தானே பற்றுகிறது. இம்முறைக்கு 1893இல் செருமனியில் உரிமம் பெற்று, 1897இல் ஓடும் பொறியாகவே காட்டியவர் இருடால்பு தீசல் என்பார். ஆள்பெயராதலின் அதனை அப்படியே வழங்குவதில் குற்றமில்லை. ஆனால், 'ஆயில்' எந்த ஆளின் பெயர்? 'பில்டர்' எந்த அறிஞன் பெயர்?

பொறிக்குள் ஊற்றும் மசகெண்ணெய்க்குப் பணி ஐந்து. உரசும் இரும்புகளுக்கிடையே மென்படலமாய் நின்று தேய்வைக் குறைத்தல். நீர் செல்லாத இடத்து வெப்பத்தை வாங்கிவருதல். எரிதலில் எழும் கரியையும் தேய்துகளையும் கழுவித் தன்னுள் ஏந்துதல். உந்துதண்டின் வளையங்களுக்கும் உருளைச்சுவருக்கும் இடைப்பட்ட நுண்வெளியை அடைத்தல். துரு ஏறாமற் காத்தல்.

தீசல் வண்டியில் புது எண்ணெய் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். அதுகண்டு "கெட்டுவிட்டது" என்பாரும், "கறுத்தாலும் கெடவில்லை" என்று ஆண்டுக்கணக்கில் ஓட்டுவாரும் உளர். இருவரும் பிழைபட்டோரே. கறுத்தல் கேடன்று, கரியை ஏந்துவதே அதற்கு இட்ட பணி. ஆனால் ஏந்தும் ஆற்றலுக்கு அளவுண்டு. அளவு கடந்தால் கரி திரண்டு சேறாகி எண்ணெய்வழிகளை அடைக்கும். ஆகவே நிறத்தைப் பார்த்தன்று, கையேட்டில் வகுத்த தொலைவையும் காலத்தையும் பார்த்தே மாற்றுதல் வேண்டும். புழுதிச் சாலை, மிகைச்சுமை, ஆலை வாயிலில் பொறியை அணைக்காமல் நெடுநேரம் காத்துக்கிடத்தல் ஆகிய மூன்றும் அத்தொலைவைக் குறைப்பன. கும்மிடிப்பூண்டி வண்டிகளுக்கு மூன்றும் உண்டு.

குப்பியின்மேல் 15, 40 என்னும் எண்கள் இருக்கும். முன்னது குளிர்ந்த நிலையில் எத்துணை எளிதாக ஓடும் என்பதற்கும், பின்னது 100 பாகைச் சூட்டில் எத்துணைத் தடிப்பாக நிற்கும் என்பதற்கும் குறி. 2020ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்த ஆறாம் நிலைப் புகைநெறிக்குப் பின், புகைவழியில் கரிவடிப்பான் பூண்ட வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் வேண்டும். பழைய வண்டிக்குரியதை அவற்றில் ஊற்றினால் அவ்வடிப்பான் நாளடைவில் அடைபடும். இவ்வேறுபாட்டைக் குப்பி அயல்மொழிச் சிற்றெழுத்தில் சொல்கிறது. ஊற்றுகிறவனுக்கு அது வெறும் கோலம்.

வடிப்பான் அடைபட்டால் பொறி எண்ணெயின்றி மாளாதிருக்க, மாற்றுவழி இதழொன்று அமைத்திருப்பர். அது திறந்துகொண்டால் வடிகட்டா எண்ணெயே பொறிக்குள் பாயும். வண்டி ஓடும், ஓட்டுநர் ஒன்றும் அறியார், உள்ளே தாங்கிகள் அரைபடும். வடிப்பானை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றுவோர் சிலநூறு உருபாவை மிச்சப்படுத்திப் பொறியை இழக்கின்றனர்.

செய்முறை

வண்டியைச் சமநிலத்தில் நிறுத்திச் சக்கரத்துக்கு அடைகட்டை கொடுக்க வேண்டும். பொறியைச் சற்று ஓட்டி இளஞ்சூடாக்கி அணைத்தால், கரி எண்ணெயோடு கலந்தே வெளிவரும்; கொதிசூட்டில் திறந்தால் கை வெந்துபோகும். கீழே அகன்ற சட்டி வைத்து வடிதிருகைக் கழற்றி, சொட்டு நிற்கும்வரை பொறுத்தல் வேண்டும். திருகின் அடைவளையத்தைப் புதிதாக இடுவது நன்று. மரை பிடிக்கும்வரை கையாலேயே திருகுக. தொடக்கத்திலேயே திருகுகோல் இட்டு முறுக்கினால் மரை அழியும்.

பழைய வடிப்பானைக் கழற்றியதும் முதலிற் பார்க்க வேண்டுவது, அதன் மீள்மவளையம் உடன்வந்ததா என்பது. அது பொறியோடு ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதைப் பூட்டினால், இரட்டை வளையம் அழுத்தம் தாங்காது பிதுங்கும். சில நிமையங்களில் எண்ணெய் முழுதும் சாலையில் வழியும். பொறி இறுகிச் சாகும். கடன் தவணை முடியாத வண்டியில் இது நேர்ந்தால் ஒரு குடும்பத்தின் ஈராண்டு உழைப்பு அங்கேயே முடிந்தது. இத்துணைப் பெரிய கேட்டைத் தடுப்பது ஒரு விரல்தடவல். புதிய வளையத்தில் எண்ணெய் தடவி, அது படிந்தபின், வடிப்பானின்மேல் குறித்த அளவுக்குக் கையாலேயே இறுக்குதல் போதும்.

பின் அளந்து ஊற்றி, பொறியை ஓட்டி, எண்ணெயழுத்த விளக்கு அணைவதையும் கசிவின்மையையும் பார்த்து, அணைத்துச் சற்றுப் பொறுத்து, அளவுகோலின் இரு குறிகளுக்கிடையே மட்டம் நிற்கிறதா என்று காண்க. மேற்குறியைக் கடந்தால் வணரித்தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரை தேய்வைத் தடுக்காது. "கொஞ்சம் கூடுதலாக ஊற்று தம்பி" என்னும் தாராளம் இங்கே தீங்கு.

சொல் எங்கே போயிற்று?

மேற்கூறிய செய்முறையில் தமிழ் தடுமாறிய இடம் ஒன்றேனும் உண்டா? சகடம், அச்சு, ஆரம், கடையாணி, மசகு என வண்டித்தொழிலுக்குத் தமிழில் பழஞ்சொற்கள் உள. மிகைச்சுமையால் அச்சு முறிதலை மயிற்பீலி ஏற்றிய வண்டியைக் காட்டி உணர்த்துகிறது திருக்குறள். உப்பு வணிகராகிய உமணர் மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி படும் பாட்டை முன்னறிந்து மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றமையை, ஒளவையார் பாடிய புறநானூற்று 102ஆம் பாட்டு காட்டுகிறது. அவர்கள் அதற்குச் 'சேம அச்சு' என்று பெயரும் வைத்திருந்தனர். இன்று மாற்றுச் சக்கரத்தை 'ஸ்டெப்னி' என்கிறது சாலை.

எண்ணெய் என்னும் சொல்லே எள்ளின் நெய் என்று பொருள்பட்டுப் பின் விரிந்தது. நிலத்தடியிலிருந்து எடுத்த விளக்கெரி நெய் நாட்டுக்குள் வந்தபோது, எந்தக் குழுவும் கூடாமல், மக்கள் அதற்கு 'மண்ணெண்ணெய்' என்று பெயரிட்டனர். பெயர் நின்றது. திருகின் சுற்றுவரிக்கு 'மரை' என்றனர். அறிவு திரிந்தவனை 'மரை கழன்றவன்' என்று ஏசுமளவு அச்சொல் ஊறிவிட்டது. திருப்புளி, குறடு, கசிவு ஆகியவை இன்றும் பட்டறையில் உயிரோடு உள்ளன. ஆகவே தமிழுக்கு ஆற்றல் இல்லை என்பது பொய்.

வழுக்கியது எங்கே? பொருளைச் செய்கின்றவன் பெயரிடும் உரிமையைக் கைவிட்டான். எண்ணூரில் 1948இல் தொடங்கி 1955இல் அசோக்கு இலேலண்டு எனப் பெயர்பெற்ற நிறுவனம், 2011இல் ஒரு சிறு சரக்குந்தை விற்பனைக்கு விட்டது. ஒசூரில் தமிழர் கைகளும் கூடி உருவாக்கிய அவ்வண்டிக்கு இட்ட பெயர் 'தோசுத்து'. வடபுலத்து மொழியில் நண்பன் என்பது பொருள். தோழன் என்னும் சொல் தமிழில் இல்லாமலா போயிற்று? மணலியில் 1969 முதல் இயங்கும் எண்ணெய்த் துப்புரவாலை மசகெண்ணெய்க்குரிய அடியெண்ணெயையும் வடிக்கிறது. பொருள் பக்கத்தூரில் பிறக்கிறது. பெயர் மட்டும் கடல்கடந்து வருகிறது.

தனித்தமிழ் அன்பர்மீதும் குற்றமுண்டு. அதனை மறைத்தல் தகாது. ஒரு பொருளுக்கு ஐந்து சொல் ஆக்கி, ஐந்தையும் நூலகத்தில் வைத்துவிடுதல் ஒரு குற்றம். ஒரு சொல்லை இரண்டு பொருளில் மயங்கவிடுதல் மற்றொன்று. ஈழத்துச் செய்தித்தாள்களில் 'மசகு எண்ணெய்' என்பது துப்புரவாக்கப்படாத நில எண்ணெயைக் குறிக்கும். இங்கே அது பொறிக்கு ஊற்றுவதைக் குறிக்கிறது. ஈழத்தார் 'கச்சா' என்னும் இந்திச் சொல்லை ஏற்காதது பாராட்டத்தக்கது. ஆயினும் மசகு என்பது வண்டியச்சுக்கு இடும் நெய்யாதலின், பொறிநெய்க்கே அது உரியது. நிலத்திலிருந்து வருவதைக் கரட்டெண்ணெய் எனலாம். இரு கரைத் தமிழரும் கூடி ஒன்றை முடிவு செய்யாவிடில், மூன்றாவதாக ஒரு கடன்சொல்லே வெல்லும்.

சொல்லை மாற்றினால் எண்ணெய் தூயதாகுமா என்று நகைப்பார் உளர். ஆகாது. ஆனால் 'பில்டர்' என்பவன் ஒரு தகரக்குப்பியைப் பார்க்கிறான். 'வடிப்பான்' என்பவன் வடித்தலைப் பார்க்கிறான். வடிப்பது அடைபடும் என்பது வீட்டில் தேயிலை வடிக்கும் சிறுமிக்கும் தெரியும். தாய்மொழிச் சொல் பொருளின் பணியைத் தன்னோடு சுமந்து வருகிறது. கடன்சொல் பெயரை மட்டும் கொடுத்துப் பணியை மறைக்கிறது.

கரியெண்ணெய் எங்கே போகிறது?

சட்டியில் வடிந்த கரியெண்ணெய் சாலையோர வாய்க்காலில் கொட்டப்படுமாயின் அங்கே நில்லாது. மழைநீரோடு ஆரணியாற்றில் கலந்தால் பழவேற்காட்டு ஏரிக்கும், கொற்றலையாற்றில் கலந்தால் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் போகும். ஒரு வண்டியின் ஒருமுறைக் கரியெண்ணெய் பத்து இலக்கம் காலன், அஃதாவது ஏறத்தாழ 38 இலக்கம் இலிட்டர் நன்னீரைக் கெடுக்க வல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழற் காப்பு நிறுவனம்.

2017 சனவரி 28இல் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் சிந்தியபோது, இளைஞர்கள் வாளியால் அள்ளினர், நாடே பார்த்தது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல்வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பரவி, எண்ணூர் மீனவரின் படகும் வலையும் கறுத்தன, அதுவும் செய்தியாயிற்று. பட்டறை வாயிலில் நாளும் சிந்தும் எண்ணெய் செய்தியாவதில்லை. இறால் பிடிப்பவரின் கையில்தான் அது தெரியும்.

கரியெண்ணெய் இடர்மிகு கழிவு என்கின்றன 2016ஆம் ஆண்டின் ஒன்றிய அரசு விதிகள். அதனைத் திரும்பப் பெற்றுத் துப்புரவாக்கும் பொறுப்பு 2024 ஏப்பிரல் முதல் நாளிலிருந்து எண்ணெய் ஆக்குவோர்மீதும் சுமத்தப்பட்டுள்ளது. மறுபடி வடித்தால் அது மீண்டும் மசகாகும், கொட்டினால் நஞ்சாகும். ஆனால் இவ்விதி பட்டறை இளைஞனின் மொழியில், அவன் சுவரில், அவன் கண்ணுக்கெதிரே எழுதப்படாதவரை, அது தில்லியில் கிடக்கும் தாளே.

செய்ய வேண்டுவன

வண்டியோடும் எண்ணெய்க் குப்பியோடும் தமிழ்க் குறிப்புத் தருதலை அரசு கட்டாயமாக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் பொறிப்பாடம் கரணியத்தோடு தமிழிற் கற்பிக்கப்படல் வேண்டும். ஒவ்வொரு பட்டறையிலும் கரியெண்ணெய்க்கென ஒரு மூடிய பீப்பாயும், அதனைக் கிழமைதோறும் பெற்றுச்செல்ல உரிமம் பெற்ற ஓர் ஆளும் இருத்தல் வேண்டும்.

இவை அரசு செய்வன. அன்பர்கள் செய்வதற்கும் ஒன்று உண்டு. அடுத்தமுறை தம் வண்டியையோ அண்டைவீட்டார் வண்டியையோ பட்டறைக்குக் கொண்டுசெல்வோர், கூட ஒரு தாளைக் கொண்டுசெல்க. ஒரே பக்கம், மேலே கூறிய செய்முறை, ஒரு பொருளுக்கு ஒரே சொல். அதனைச் சுவரில் ஒட்ட இசைவு கேட்டு ஒட்டுக. அவ்விளைஞன் தன் வாயால் வேறொரு நல்ல சொல் சொன்னால், தாளிலுள்ளதை அடித்துவிட்டு அவன் சொல்லை எழுதுக. மண்ணெண்ணெய்க்குப் பெயரிட்டவர்களும் அவனைப் போன்றவர்களே.