சாஃப்ட் டயர் மாட்டினால் பைக் வழுக்காதா? தினசரி ஓட்டத்தில் நடப்பது என்ன?

“சாஃப்ட் டயர் மாட்டிப் பாரு, வண்டி ரோட்டுல ஒட்டிக்கிட்டுப் போகும்.” பைக் பிரியர்கள் மத்தியில் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. ரேஸ் டிராக்கில் இது உண்மைதான். ஆனால், காலையில் ஆபீஸ், மாலையில் வீடு, நடுவில் பத்து சிக்னல் என்று ஓடும் பைக்குக்கு? அங்கேதான் கணக்கு மாறுகிறது.

சூடு ஏறினால்தான் பிடிமானம்

டயரின் ரப்பர் கலவையை ‘காம்பவுண்ட்’ என்பார்கள். ஒவ்வொரு காம்பவுண்டும் குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் முழுப் பிடிமானத்தைக் கொடுக்கும். மோட்டோஜிபி போட்டிகளில், பைக் களமிறங்கும் வரை டயரை ‘வார்மர்’ என்ற மின் உறையால் சுற்றி 90 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக வைத்திருப்பது இதற்காகத்தான். டிராக்கை மனதில் வைத்துத் தயாராகும் ஸ்போர்ட் டயர்களுக்கும் ஓரளவு இதே குணம் உண்டு.

டயர் வெயிலில் மட்டும் சூடாவதில்லை. வேகமாக வளையும்போதும், பலமாக பிரேக் பிடிக்கும்போதும் ரப்பர் நசுங்கி நிமிர்வதால்தான் உள்ளிருந்து சூடு ஏறுகிறது. 30, 40 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் அந்த வேலையே பெரிதாக நடப்பதில்லை. மே மாதச் சென்னை வெயிலில் இந்தக் குறை தெரியாது. டிசம்பர் காலையில் ஊட்டி மலைப்பாதையின் முதல் சில வளைவுகளில் தெரிந்துவிடும்.

நடுவில் மட்டும் தேய்வது ஏன்?

நகரத்தில் பைக் பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. அதனால் டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகும். ஓரங்கள் புதுசு போலவே இருக்கும். சாஃப்ட் காம்பவுண்டில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அப்படித் தட்டையான டயரில் வளையும்போது வண்டி முதலில் சாய மறுக்கும். பிறகு சட்டென்று விழுவது போலச் சாயும். நடுவில் கடினமான ரப்பரும் ஓரத்தில் மென்மையான ரப்பரும் வைத்து ‘டூயல் காம்பவுண்ட்’ டயர்கள் வந்தது இந்தச் சிக்கலைச் சமாளிக்கத்தான்.

மழையில் எப்படி?

ஸ்போர்ட் டயர் என்றாலே மழையில் வழுக்கும் என்பது சரியல்ல. சிலிகா கலந்த நவீன டயர்கள் ஈரத்திலும் நன்றாகவே பிடிக்கும். ஆபத்து தேய்ந்த பிறகுதான். டிராக் வகை டயர்களில் பள்ளங்கள் ஏற்கெனவே குறைவு. நடுப்பகுதி தேய்ந்தால் தண்ணீரை வெளியேற்ற வழியே இருக்காது. டயரின் பள்ளத்துக்குள் இருக்கும் ‘டிடபிள்யூஐ’ மேடு வரை ரப்பர் தேய்ந்துவிட்டால், டயரை மாற்றியே ஆக வேண்டும்.

எழுத்துகளும் எண்களும் சொல்வது என்ன?

உதாரணமாக, 140/70 ஆர்17 66எச் என்றிருந்தால், அகலம் 140 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரேடியல் வகை, 17 அங்குல ரிம் என்று பொருள். 66 என்பது 300 கிலோ எடை தாங்கும் என்பதையும், எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும் என்பதையும் குறிக்கும். வேகக் குறியீடு பெரிதாக இருந்தால் பிடிமானமும் அதிகம் என்று அர்த்தமில்லை.

நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஆஃபரில் கிடைக்கிறதே என்று வாங்கும் முன் இதைப் பார்ப்பது நல்லது.

அப்போ எதை வாங்கலாம்?

வாரநாளில் ஆபீஸ், வார இறுதியில் லாங் ரைடு என்றால் ‘ஸ்போர்ட் டூரிங்’ வகை பெரும்பாலானோருக்குப் போதும். சீக்கிரம் சூடாகும், மழையைச் சமாளிக்கும், அதிக நாள் உழைக்கும். கெத்துக்காக அகலமான டயரைப் பழைய ரிம்மிலேயே மாட்டினால் டயரின் வடிவம் பிதுங்கி, வளைவில் வண்டியின் குணமே மாறிவிடும்.

காற்றைக் குறைத்தால் கிரிப் கூடும் என்பதும் டிராக்கிலிருந்து வந்த பழக்கம்தான். சாலையில் நிறுவனம் சொன்ன அளவே சரி. அது வண்டியின் கையேட்டிலேயே இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். புது டயர் மாட்டியதும் முதல் 100 கி.மீ. வரை திடீர் பிரேக்கும் அதிகச் சாய்வும் வேண்டாம்.

பைக்குக்கும் சாலைக்கும் இடையே இருப்பது ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ளங்கை அளவு ரப்பர்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், அதை ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுவது நல்லது.