ஏல மூட்டைக்கு உள்ள உரிமை ஏழையின் வண்டிக்கு இல்லையா?

கம்பத்திலிருந்து மலையேறிக் கம்பம்மெட்டுக்கு வரும் பாதையில் நாள்தோறும் இரண்டு வகைப் பயணம் நடக்கிறது. ஒன்று சரக்கின் பயணம். மற்றொன்று உழைப்பாளியின் பயணம். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது உடும்பன்சோலையின் ஏலத்தோட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. அங்கே காய் பறிக்கும் கைகளில் பெரும்பகுதி இந்தப் பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவை. எல்லைக்கோடு வயிற்றுப்பாட்டைத் தடுக்கவில்லை. ஆனால் வரிக் கணக்கில் அது இன்னும் மதிலாகவே நிற்கிறது.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபின் விற்பனை வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. புத்தடி ஏல மையத்தில் காய் வாங்கும் போடிநாயக்கனூர் வியாபாரி, அங்கே செலுத்திய வரியை இங்கே தன் கணக்கில் கழித்துக்கொள்கிறார். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு சேர வேண்டும் என்பதை அரசுகளே தங்களுக்குள் நேர் செய்துகொள்கின்றன. நல்ல ஏற்பாடு; குறை சொல்ல மாட்டோம். நாம் கேட்பது ஒன்றுதான்: மூட்டைக்குக் கிடைத்த இந்த நியாயம், அந்த மூட்டையைச் சுமந்தவனின் வண்டிக்கு ஏன் இல்லை?

தேனியில் டி.என். 60 எண்ணில் சொந்த உபயோகத்துக்காகப் பதிவான ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். வாங்கும்போதே வாழ்நாள் வரி கட்டியாயிற்று. பிள்ளைகளின் படிப்புக்காகவோ நிரந்தர வேலைக்காகவோ குடும்பம் மலைமேல் குடியேறுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புதிய எண் வாங்க வேண்டும். கேரளம் வண்டியின் வயதைப் பார்த்துத் தன் வரியைக் கேட்கிறது. தமிழ்நாட்டில் கட்டியதில் மிஞ்சிய காலத்துக்குரிய தொகையை, தமிழ்நாட்டிடம் தனியே மனுப்போட்டுத் திரும்பப் பெற வேண்டும். முதலில் கையிலிருந்து பணம், பிறகு காத்திருப்பு. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. இரண்டு அரசுகளுக்கு இடையிலான கணக்கை ஒரு கூலித் தொழிலாளி தன் காலால் நடந்து தீர்க்க வேண்டுமாம்!

தவணையில் வாங்கிய வண்டியானால் முடிச்சு இன்னும் இறுகுகிறது. ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும்வரை அதன் சம்மதமின்றித் தடையில்லாச் சான்று கிடைக்காது. ஆனால் சட்டத்தின் 51-ஆம் பிரிவு நமக்கும் ஒரு பிடி கொடுக்கிறது: மனு கிடைத்த 7 நாட்களுக்குள் கம்பெனி சம்மதமும் தராமல், மறுப்பின் காரணத்தையும் எழுதித் தெரிவிக்காமல் இருந்தால், சம்மதம் தந்ததாகவே கொள்ளப்படும். எனவே வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது எடுப்போரும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் பழைய காரின் விலையைக் கழித்து மீதித் தொகைக்கே விற்பனை வரி போடுகிறார்கள். ஒரு மாநிலத்தில் கட்டிய வரியை அடுத்த மாநிலம் கழித்துக்கொள்வதும் அங்கே பரவலான வழக்கம். நம் நாட்டில் புதிய வண்டியின் முழு விலைக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. பழைய வண்டியில் மிஞ்சியுள்ள வாழ்நாள் வரியையும் கணக்கிட்டே விலை பேசுங்கள். பெயர் மாற்றம் முடியும்வரை விடாதீர்கள். வண்டி கை மாறினாலும் பதிவில் பெயர் உள்ளவரே விபத்துக்கு உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எல்லையைத் தளர்த்தினால் வரி ஏய்ப்பு பெருகும் என்பார்கள். 2017-ல் கேரளத்தில் எழுந்த வழக்குகளைப் பார்ப்போம். புதுச்சேரியில் போலி முகவரி காட்டிச் சொகுசுக் கார்களைப் பதிவு செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு யார்மேல் எழுந்தது? வசதி படைத்தவர்கள்மேல். ஏய்ப்பவனைப் பிடியுங்கள், நாம் குறுக்கே நிற்க மாட்டோம். ஒருமுறை கட்டியவனை மறுபடி கட்டச் சொல்லி அலைக்கழிப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021-ல் மத்திய அரசு ‘பாரத்’ வரிசை எண்ணைக் கொண்டுவந்தது. அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள கம்பெனிகளின் ஊழியர்களுக்கும் அது உரியது. 15 ஆண்டு வரியை மொத்தமாகக் கட்டாமல் இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டலாம்; மாநிலம் மாறினால் எண் மாற்ற வேண்டியதில்லை. மாற்றலாகிப் போகும் அதிகாரிக்கு இந்த வசதி வேண்டும்தான். பிழைப்புக்காக மாநிலம் மாறும் தோட்டத் தொழிலாளிக்கு வேண்டாமா?

நம் கோரிக்கைகள் இவை. மிஞ்சிய வரியை இரு அரசுகளும் நேரடியாகத் தமக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். பதிவு விவரங்கள் ‘வாகன்’ கணினியில் இருக்கும்போது இது ஆகாத காரியமல்ல. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு ஆகிய மூன்று வாசல்களிலும் இரு மாநில அதிகாரிகளும் சேர்ந்து முகாம் நடத்த வேண்டும். ‘பாரத்’ வரிசை எல்லைத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் திறக்கப்பட வேண்டும்.

அதுவரை வரிசை தவறாமல் செய்யுங்கள்: முதலில் பைனான்ஸ் சம்மதம், அடுத்து 28-ஆம் படிவத்தில் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, பிறகு 27-ஆம் படிவத்தில் புதிய எண், கடைசியில், புதிய பதிவின் நகலோடு பழைய மாநிலத்தில் வரித்தொகை திரும்பக் கேட்கும் மனு. புதிய எண் கிடைத்த மகிழ்ச்சியில் கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள். அது சலுகையல்ல, நம் வியர்வையின் மிச்சம்.