வட்டெறி வீரனுக்கு நிழல் வேண்டும்

2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் விழா நடைபெற்றதை முன்னிட்டுக் கிரேக்க அரசாங்கம் வெளியிட்ட இரண்டு யூரோ நாணயம், அந்த மதிப்பில் வந்த ஞாபகார்த்த நாணயங்களுள் முதலாவது என்ற பெருமையை உடையது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் மைரோன் என்ற சிற்பி வெண்கலத்தில் வார்த்ததும், மூலம் அழிந்துபோய், ரோமானியர் சலவைக்கல்லில் எடுத்த பிரதிகளால் மட்டுமே நமக்குத் தெரியவந்ததுமான வட்டெறி வீரனின் உருவம், உடலை முறுக்கிக் குனிந்து, வட்டை வீசப்போகும் தருணத்தில் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 25.75 மில்லிமீட்டர் விட்டமே உள்ள இந்த நாணயத்தை எத்தனையோ பேர் படம் பிடித்திருக்கிறார்கள். ஆயினும் அப்படங்களுள் பெரும்பாலானவற்றில் வீரன் இருக்கிறானே தவிர, அவனுடைய முறுக்கைக் காணோம் என்பதே என் அபிப்பிராயம்.

நிழல் என்றாலே அஞ்சும் பழக்கம்தான் இதற்குக் காரணம். விலைப்பட்டியலுக்காகப் படம் எடுப்பவர், நாணயத்தைச் சுற்றி வெள்ளைத் துணியால் கூண்டு கட்டி, நாலாபுறமும் ஒளியைச் சமமாகப் பரப்பி, எழுத்தும் ஆண்டும் கீறலும் ஒருங்கே தெரியும்படி செய்துவிடுகிறார். வாங்குபவருக்கு அது நியாயமே. ஆனால் நாணயச் சிற்பம் என்பது மிக மெல்லிய புடைப்பிலேயே ஜீவிப்பதாகையால், நிழலை அகற்றினால் மிஞ்சுவது வெறும் கோட்டுருவம்தான்.

காமிராவை நாணயத்துக்கு நேர்மேலே தாங்கியில் நிறுத்தி, ஒரே விளக்கைக் கடிகாரத்தின் பத்து மணித் திசையில் தாழ்வாகச் சாய்த்து வைத்து, அறையின் மற்ற வெளிச்சத்தையெல்லாம் அணைத்துவிட்டு, நாணயத்தை மெல்லத் திருப்பிப் பாருங்கள்: ஒரு நிலையில் விலாப்பக்கம் திரண்டு எழும்; மற்றொரு நிலையில் முழங்கால் இருளில் ஆழ, தோள் மட்டும் பிரகாசிக்கும்; விளக்கு கீழ்ப்புறத்துக்குப் போய்விட்டாலோ புடைப்பெல்லாம் பள்ளமாகத் தோன்றிக் கண்ணை ஏமாற்றிவிடும். முற்காலத்து நாணய ஆராய்ச்சியாளர்கள் பலர், உலோகத்தின் பளபளப்புக்குத் தப்பி, நாணயத்தை விட்டு அதன் சுண்ணச் சாந்து அச்சையே படமெடுத்துத் தங்கள் நூல்களில் சேர்த்ததும், இந்த ஒளிநிழல் பேதத்தை முன்னிட்டே.

அதே விழாவுக்காக வெளிவந்த பத்து யூரோ வெள்ளி நாணயங்களின் கதை வேறு. பழங்கால வீரனையும் இக்கால வீரனையும் சேர்த்துக் காட்டும் அவற்றின் தளம் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டிருப்பதால், சாய்வான ஒளியில் தளம் கன்னங்கரேலென்று ஆகி, மங்கல் உருவம் மட்டும் வெளுத்துத் தோன்றும். நாணயத்துக்கும் லென்சுக்கும் நடுவே தூய கண்ணாடித் தகடு ஒன்றை 45 பாகை சாய்த்து, பக்கவாட்டு விளக்கின் ஒளி அதில் பட்டு நேரே கீழே இறங்குமாறு செய்தால், தளம் ஒளிர்ந்து உருவம் கருக்கும். புடைப்பு ஓரளவு குன்றுவது உண்மையே. ஆயினும் வெளிர்தளத்தில் கரிய உருவங்களை எழுதிய பழைய கிரேக்கக் கலயங்களின் சாயல் அதில் தற்செயலாக வந்து வாய்ப்பதால், நான் அதைக் குறைகூற மாட்டேன். படத்துக்காக நாணயத்தைத் தேய்த்துத் துலக்குவதைத்தான் மன்னிக்க முடியாது.

சாய்ந்த ஒளி மயிரிழைக் கீறலையும் பூதாகாரமாக்கும் என்று வியாபாரிகள் ஆட்சேபிப்பது சரியே. ஆகவே நாணய சங்கங்களும் அருங்காட்சியகங்களும் சமஒளிப் படத்தையும் சாய்வொளிப் படத்தையும் அருகருகே வெளியிட்டு, விளக்கு எத்திசையில் இருந்தது என்பதையும் கீழே ஒரு வரியில் குறிப்பிடட்டும்.