நிலவறையும் கிணறும்

சென்ற ஆண்டு கற்பிட்டிக்குச் சென்றிருந்தபோது, நம் நண்பர் ஒருவரின் வீட்டுக் கொல்லையில் ஆட்கள் நிலத்தை அகழ்ந்துகொண்டிருக்கக் கண்டோம். "கிணறா?" என்று வினவினோம். "இல்லை, நிலவறை" என்றார் நண்பர்.

அவருடைய பாட்டனார் அந்நாளில் வேட்டையிற் பெயர்பெற்றவர். அவர் விட்டுச்சென்ற வலைகள், ஈட்டிகள், கத்திகள், தோற்பைகள், பழைய துவக்கு ஒன்று ஆகியவற்றைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமலும் உப்புக்காற்றுப் படாமலும் காக்க வேண்டுமென்பது நண்பரின் எண்ணம். பத்தடி நீளம், பத்தடி அகலம், எட்டடி ஆழம் என்று திட்டமும் வகுத்திருந்தார். நோக்கம் நல்லதுதான், இடந்தான் பிழை.

நான்காம் அடியில் மணல் கசிந்தது. மறுநாட் காலையிற் பார்த்தால் குழியினுள் தெளிந்த நீர். "இறைத்துவிட்டுக் கொங்கிறீற்றுப் போட்டால் சரி" என்று கொத்தனார் ஊக்கமளித்தார். நீரிறைக்கும் இயந்திரம் இரவு பகலாக ஓடிற்று. ஐந்தாம் நாள் நண்பரின் தாயார் தேத்தண்ணீர்க் கோப்பையுடன் கொல்லைக்கு வந்தார். "தம்பி, தேத்தண்ணீர் கரிக்கிறதே! கிணற்றுக்கு என்ன செய்தாய்?" என்றார். நாற்பது ஆண்டுகளாக அந்தக் கிணற்று நீரையே பருகிவந்த நாக்கு அது. அதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

ஏன் இவ்வாறு நேர்ந்தது? மாணவர்களும் அறிந்துகொள்ளத்தக்க செய்தி இது. கற்பிட்டி ஒரு மணற்றீபகற்பம். ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் புத்தளம் வாவி. மழை நீர் மணலினூடே இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் ஓர் ஆடைபோல மிதந்து நிற்கிறது. உப்பு நீரிலும் நன்னீர் இலேசானது என்பதே இதன் மருமம். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபன் என்பவரும், அவரையடுத்து 1901இல் ஜெர்மானியரான ஹெர்ட்ஸ்பெர்க் என்பவரும் இதனைத் தனித்தனியே கண்டு கூறினர்.

இக்கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. இறைத்து இறைத்து மேல்நீரை ஓரடி தாழ்த்தினால், காலப்போக்கில் உப்பு நீர் அடியிலிருந்து நாற்பது அடி மேலேற இடமுண்டு. மேலே நாம் செய்யும் சிறு பிழையை நிலம் கீழே நாற்பது மடங்காக்கிக் காட்டுகிறது. வெங்காயமும் மிளகாயும் விளைவிக்க இறைக்கும் நீராலும், மணலினூடே இறங்கும் உரத்தாலும் ஏற்கெனவே இன்னலுறும் நீரன்றோ இது!

நீரைப் பொருட்படுத்தாது அறையைக் கட்டி முடித்தாலும் வேறோர் இடையூறு காத்திருக்கும். எட்டடி அறையில் நான்கடி நீர்மட்டத்துக்குக் கீழே அமையும். அவ்வளவில் அது விலக்கும் நீர் 400 கனவடி. அதன் பாரம் சுமார் 25,000 இறாத்தல், அதாவது பதினொரு தொன். ஆர்க்கிமிடீஸ் கண்ட விதிப்படி, அறையை அத்தனை விசை மேல்நோக்கி உந்தும். அறையின் சொந்தப் பாரம் அதனிலும் குறைந்தால், மாரியில் நீர்மட்டம் உயரும்போது அறை படகைப்போல எழும்பப் பார்க்கும். அன்றேல் தளம் வெடிக்கும். ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கற்பிட்டியில் எழுப்பிய கோட்டையைப் பாருங்கள். பவளக்கல்லாலான தடித்த மதில்கள் தரைக்கு மேலே இன்றும் நிற்கின்றன.

நண்பர் இயந்திரத்தை நிறுத்திக் குழியைத் தூர்த்தார். பின்னர் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். துவக்குக்குரிய அனுமதிப்பத்திரம் பாட்டனாரின் பெயரிலேயே இருந்தது. 1916ஆம் ஆண்டின் சுடுகலச் சட்டப்படி அனுமதியின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். பாட்டனாரின் சொத்து என்பது விடையாகாது. "இதனை மறைக்க அறை தேட வேண்டாம், உரிய அதிகாரிகளிடம் ஒப்படையுங்கள்" என்றோம். நண்பர் சற்றே முகம் வாடினாலும் மறுநாளே அவ்வாறு செய்தார்.

பாட்டனார் காலத்து வேட்டையும் இன்றில்லை. வில்பத்து 1905இல் சரணாலயமாகி, 1938இல் தேசிய வனமாயிற்று. மரையும் மானும் சிறுத்தையும் இன்று சட்டத்தின் காவலில் உள்ளன. கடலில் அருகிவிட்ட ஆவுளியாவும் அவ்வாறே. எஞ்சிய கருவிகள் இனி வேலைக்கல்ல, நினைவுக்கே.

நினைவுப் பொருளைக் காப்பதற்கு நிலவறை எதற்கு? வீட்டின் உள்ளறையில், சுவரோடு ஒட்டாமல், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பூட்டுள்ள மரப்பேழை ஒன்று போதும். இரும்பைத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். தோலுறையினுள் இரும்பை வைத்தல் ஆகாது; தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும். பருத்தி வலைகளை நன்கு உலர்த்திய பின்னரே மடிக்க வேண்டும். திங்களுக்கு ஒருமுறை திறந்து பார்க்கவும் வேண்டும். பிள்ளைகளிடம் ஒளிப்பதிலும், அவர்களை அருகிலிருத்தி இவற்றின் கதையைச் சொல்வது நன்று.

மாரி கழிந்தபின் மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றோம். தாயார் கிணற்றில் நீர் முகந்து முதலில் தாம் ஒரு மிடறு பருகிப் பார்த்தார். பிறகே செம்பை நம்மிடம் நீட்டினார். நீர் இனித்தது.

பாட்டனார் விட்டுச்சென்ற செல்வங்களுள் பெரியது பேழையில் இல்லை. அவர் வெட்டிய கிணற்றில் இருந்தது. அதனைக் காக்கும் நிலவறையை இயற்கை முன்னரே கட்டிவைத்திருக்கிறது. நாம் அதனை உடையாதிருந்தாற் போதும்.